கல்நார்த் தூசியின் வரலாறு

மனித வாழ்க்கைக்குப் பயன்படும் பொருள்களுட் சில, தம் பயனாற் புகழ்பெற்றுப் பின்னர்த் தம் தீங்காற் பழிபெற்றன. ஈயம், பாதரசம், வெண்பொசுபரசு என்பன அத்தகையன. அவ்வரிசையிற் கல்நாருக்குத் தனியிடம் உண்டு. ஏனையவற்றின் தீங்கு பெரும்பாலும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ வெளிப்படும். கல்நாரின் தீங்கு வெளிப்பட இருபது, முப்பது, சிலவேளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். தூசியைச் சுவாசித்த இடமும் காலமும் மறந்துபோன பின்னரே நோய் வந்து சேர்கின்றது. இத்தூசி வைத்தியருக்கு மாத்திரமன்றி வரலாறு கற்போருக்கும் உரிய பொருளாவது இக்காரணம் பற்றியே. காரணத்தையும் காரியத்தையும் பிரித்து நிற்கும் நீண்ட காலத்தைக் கடந்து அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுதல் பதிவேடுகளாலன்றி இயலாது. அவ்வாறு இணைத்துக் காட்டப்பட்ட வரலாறு ஆலைத் தொழிலாளரிடத்தே தொடங்கி, நிலநடுக்கத்தாலும் கடற்கோளாலும் வீடிழந்த மக்களிடத்தே வந்து நிற்பது எங்ஙனம் என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

கல்நார் என்னும் தமிழ்ப் பெயர் பொருளின் இயல்பை நன்கு உணர்த்துவது. நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும்போது கல்லாகவும், விரலாற் பிரிக்கும்போது பட்டு நூல் போன்ற நாராகவும் அது காணப்படும். கிரேக்கர் அதனை அஸ்பெஸ்டொஸ் என்றனர். அணைக்க முடியாதது என்பது அச்சொல்லின் பொருள். வணிகத்திற் பெருவழக்குப் பெற்றவை வெண்கல்நார், நீலக்கல்நார், கபிலக்கல்நார் என்னும் மூன்றுமாம். நெருப்பில் எரியாமை, வெப்பத்தை எளிதிற் கடத்தாமை, நூலாக நூற்று ஆடையாக நெய்யப்படுதல், சீமெந்தோடு கலந்து அதற்கு உறுதி தருதல் ஆகிய பண்புகள் யாவும் ஒருங்கே அமைந்த வேறொரு மலிவான பொருள் நெடுங்காலம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

பயன் தரும் அந்நாரியல்பே தீங்கிற்கும் காரணமாயிற்று. ஒவ்வொரு நாரும் நீளவாக்கில் மேலும் மேலும் பிளந்து, மயிரினும் பன்மடங்கு மெல்லியதாய், கண்ணுக்குப் புலனாகாத ஊசிகளாகிக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உட்புகும் அவ்வூசிகள் சுவாசப்பையின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் உடற்கலங்கள் இவற்றை அழிக்கமாட்டாது தாமே அழிகின்றன. அதனாற் சுவாசப்பை தழும்பேறி இறுகுதல் ஒரு நோய். அதனை அஸ்பெஸ்ரோசிஸ் என்பர். சுவாசப்பைப் புற்று இரண்டாவது நோய். சுவாசப்பையையும் வயிற்றறையையும் போர்த்தியுள்ள மென்சவ்விலே தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்று மூன்றாவது. இம்மூன்றாவது நோய் கல்நாரன்றி வேறு காரணத்தால் மிக அரிதாகவே வருவது. ஆதலின், ஓரூரில் இந்நோய் பலருக்குக் கண்டால் அவ்வூரிற் கல்நார்த் தூசி ஒரு காலத்திற் பறந்தது என்று துணியலாம். வரலாற்றுக்குச் சான்று பகரும் நோய் இது.

பண்டைக்காலத்திற் கல்நார் ஓர் அதிசயப் பொருளாகவே கருதப்பட்டது. உரோமப் பேரறிஞர் பிளினி, தீயிலிட்டுத் தூய்மை செய்யப்படும் கைத்துணிகளைப் பற்றி எழுதியுள்ளார். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சீனத்திற் பயணஞ்செய்த மார்க்கோ போலோ, தீயில் வாழும் சலமந்தர் என்னும் பிராணியின் உரோமத்தால் நெய்யப்பட்டதாக ஐரோப்பியர் நம்பிய துணி உண்மையில் மலையிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிப்பொருளால் ஆனதெனத் தெளிவுபடுத்தினார். பிளினி கல்நார் வேலை செய்த அடிமைகளின் மூச்சு நோயையும் அவர்கள் அணிந்த முகமூடியையும் குறித்துள்ளார் என்று பிற்கால நூல்கள் பலவற்றிற் காணப்படுகின்றது. அஃது ஆராயாது கூறப்பட்ட கூற்று. பிளினி அம்முகமூடியைக் கூறியது சாதிலிங்கத் தூளை அரைப்போரைப் பற்றியே. ஒருவர் எழுதியதைப் பலர் சோதியாது எடுத்தெழுதுவதால் வரலாறு பிழைபடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கல்நாரின் தீங்குக்கு நம்பத்தக்க சான்றுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்குகின்றன.

நீராவி இயந்திரத்தின் வரவு இப்பொருளுக்குப் பெருந்தேவையை உண்டாக்கிற்று. கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் போர்த்துவதற்கும், பொறிகளின் மூட்டுக்களை அடைப்பதற்கும் கல்நார் வேண்டப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிற் பெருஞ் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. இங்கிலாந்தில் றோச்டேல் நகர்ப் பருத்தியாலைகளின் அருகே கல்நாரை நூற்று நெய்யும் ஆலைகள் எழுந்தன. பருத்தி நூற்கும் பொறிகளே சிறு மாற்றத்தோடு கல்நாரையும் நூற்றன. ஆயின் பருத்தியிலிருந்து எழுந்த தூசி வேறு. இதிலிருந்து எழுந்த தூசி வேறு.

இவ்வேறுபாட்டை முதலிற் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் லூசி டீன் என்னும் பெண்மணி. பிரித்தானியத் தொழிற்சாலைகளின் பெண் பரிசோதகர்களுள் ஒருவராகிய அவர், 1898ஆம் ஆண்டின் நிர்வாக அறிக்கையிற் கல்நார் வேலையைச் சுகக்கேடு விளைப்பவற்றுள் ஒன்றாகக் குறித்தார். அத்தூசி நுணுக்குக்காட்டியினாற் பார்க்கப்பட்டபோது, கண்ணாடிச் சில் போன்ற கூர்மையுடையதாகக் காணப்பட்டது. அறையின் காற்றில் அது மிகுதியாக நிறைந்துள்ள இடங்களிலெல்லாம் அதனால் தீங்கு விளைந்திருப்பதாக அவ்வறிக்கை கூறிற்று. அறிக்கை அச்சேறியது, உரிய அதிகாரிகள் கையிலும் சேர்ந்தது. அதன்மேல் எழுந்த சட்டம் ஒன்றுமில்லை.

அடுத்த சான்று இலண்டனிலுள்ள சாரிங் குறொஸ் வைத்தியசாலையிலிருந்து கிடைத்தது. அங்குக் கடமையாற்றிய வைத்தியர் மொன்டேகு மறே, 1899இல் மூச்சுத்திணறலோடு வந்த முப்பத்துமூன்று வயதுத் தொழிலாளி ஒருவனைப் பரிசோதித்தார். கல்நார் ஆலையிற் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் அவன். நார் கோதும் அறையில் தன்னோடு வேலை செய்த பதின்மருள் தான் ஒருவனே உயிரோடிருப்பதாக அவன் கூறினான். அடுத்த ஆண்டு அவனும் இறந்தான். உடலைச் சோதித்த மறே, சுவாசப்பையிற் கல்நார்த் துணுக்குகளைக் கண்டார். 1906இல், தொழில் நோய்களுக்கு நட்ட ஈடு வழங்குதல் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் அவர் இதனைச் சாட்சியமாக உரைத்தார். தூசியைத் தடுக்க இப்பொழுது முயற்சி எடுக்கப்படுவதாகக் கேள்விப்படுவதால் இந்நோய் இனி அத்துணை மிகுதியாக வாராது என்னும் நம்பிக்கையையும் அவர் தெரிவித்தார். குழு இந்நோயைத் தன் வரிசையிற் சேர்க்கவில்லை. பதின்மருள் ஒன்பதின்மர் மாண்டனர் என்பது ஒரு தொழிலாளியின் வாய்ச்சொல்லாகவே நின்றது. அவ்வொன்பதின்மரின் பெயரையும் இறப்பையும் எவரும் தேடி எண்ணவில்லை.

இலாப நட்டக் கணக்கிற் கண்ணாயிருந்தோர் அரசாங்கங்களுக்கு முன்னரே உண்மையை உணர்ந்தனர். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் புள்ளிவிபர அறிஞராகிய பிரெடெரிக் ஹொப்மன், 1918ஆம் ஆண்டு எழுதிய அறிக்கையில், அமெரிக்க, கனடியக் காப்புறுதி நிறுவனங்கள் கல்நார்த் தொழிலாளருக்கு ஆயுட் காப்புறுதி வழங்க மறுத்து வருகின்றன என்று குறிப்பிட்டார். வைத்திய நூல்களில் நோய்க்குப் பெயர் ஏற்படுமுன்பே காப்புறுதி ஏடுகளில் அதற்கு விலை குறிக்கப்பட்டுவிட்டது.

நோய்க்குப் பெயர் கிடைத்தது றோச்டேலைச் சேர்ந்த நெலி கேர்ஷோ என்னும் பெண்ணின் இறப்பினாலாகும். இளவயதிலேயே கல்நார் ஆலையிற் புகுந்த அவர், நூற்போராகத் தொழில்செய்து, 1924 மார்ச்சு மாதத்தில் முப்பத்துமூன்றாவது வயதில் இறந்தார். அவர் வேலை செய்த நிறுவனம் நட்ட ஈடு வழங்க மறுத்தது. அவருடைய சுவாசப்பையை ஆராய்ந்த வைத்தியர் குக், அவ்வாண்டிலேயே பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையிற் கட்டுரை வெளியிட்டு, 1927இல் அந்நோய்க்கு அஸ்பெஸ்ரோசிஸ் என்னும் பெயரை வழங்கினார். மறேயின் நோயாளிக்குப் பெயர் தெரியாது. அவன் சான்று மறக்கப்பட்டது. கேர்ஷோவின் வரலாறு பெயரோடும் ஆண்டோடும் ஏட்டில் ஏறியது. ஆதலின் அதனைப் புறக்கணித்தல் அரிதாயிற்று.

இதன் பயனாகப் பிரித்தானிய அரசாங்கம் மருத்துவப் பரிசோதகர் மெரிவெதரையும் பொறியியற் பரிசோதகர் பிறைசையும் விசாரணைக்கு நியமித்தது. அவர்களது அறிக்கை 1930இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேருக்குச் சுவாசப்பை தழும்பேறியிருந்தது. இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தோருள் ஐவருக்கு நால்வர் நோயுற்றிருந்தனர். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தோரிடம் நோய் காணப்படவில்லை. வேலைக்காலம் கூடக்கூட நோயும் கூடுதலை இவ்வட்டவணை ஐயத்திற்கிடமின்றி நிறுவிற்று. 1931இற் கல்நார்க் கைத்தொழில் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தன. தூசியை உறிஞ்சி வெளியேற்றும் பொறிகள் கட்டாயமாக்கப்பட்டன. லூசி டீனின் அறிக்கைக்கும் இவ்விதிகளுக்கும் இடையிற் சென்றவை முப்பத்துமூன்று ஆண்டுகள்.

ஆயினும் அவ்விதிகள் பெரும்பாலும் கல்நார்ப் பொருள்களைச் செய்யும் ஆலைகளின் எல்லைக்குள்ளேயே நின்றன. கப்பல் கட்டும் துறைகளிற் குழாய்களுக்கு உறையிட்டோர், கொதிகலன்களைப் பிரித்துத் திருத்தினோர், கட்டடங்களில் வேலை செய்த தச்சர் முதலியோர் விதிகளின் காவலுக்குப் புறத்தே விடப்பட்டனர். ஆலையில் உண்டாகும் தூசியே தீயது, ஆலையை விட்டு வெளியேறிய பொருள் தீங்கற்றது என்பது அக்காலத்தோர் எண்ணம் போலும். சுரங்கங்களிலும் நிலைமை அதுவே. கியூபெக்கின் அஸ்பெஸ்டஸ் நகரிலும் தெற்போர்ட் மைன்ஸ் நகரிலும் ஏறக்குறைய 5,000 தொழிலாளர் 1949ஆம் ஆண்டு பெப்ருவரியில் வேலைநிறுத்தம் செய்தபோது, தூசியை ஒழிக்கவேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. பல மாதங்கள் நீடித்த அப்போராட்டம் கியூபெக்கின் அரசியல் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகின்றது. தூசியைப் பொறுத்தவரை தொழிலாளர் பெற்றது சிறிதே. கல்நாரின் பெயரையே தாங்கி நின்ற அந்நகரம் 2020இல் தன் பெயரை வால்-டே-சூர்ஸ் என மாற்றிக்கொண்டது.

ஆலையின் எல்லையை உடைத்தவை 1955க்கும் 1965க்கும் இடையே வெளிவந்த மூன்று ஆராய்ச்சிகள். முதலாவது, பிரித்தானிய அறிஞர் றிச்சட் டொல் 1955இல் வெளியிட்டது. ஓர் ஆலையில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாது வேலை செய்த 113 ஆடவரை அவர் ஆராய்ந்தார். சாதாரண மக்களின் இறப்பு வீதப்படி அவர்களிடையே சுவாசப்பைப் புற்றினால் ஓர் இறப்பும் முழுமையாக நிகழ்தற்கிடமில்லை, கணக்கு 0.8 ஆக இருந்தது. நிகழ்ந்த இறப்புக்களோ பதினொன்று. இரண்டாவது, தென்னாபிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியிலிருந்து 1960இல் வெளிவந்தது. வாக்னர், சிலெக்ஸ், மர்சான்ட் என்னும் மூவர் மீசோதீலியோமா நோயாளர் முப்பத்துமூவரைப் பற்றி எழுதினர். அவர்களுள் ஒருவரொழிய ஏனையோர் அப்பகுதியின் நீலக்கல்நாரோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையோராகக் காணப்பட்டனர். சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாது, இளமையிற் சுரங்கத்தின் அருகே வாழ்ந்தவரும் அவர்களுள் இருந்தனர்.

மூன்றாவது ஆராய்ச்சி 1965இல் நியூஹவுஸ், தொம்சன் ஆகிய இருவரால் இலண்டனில் வெளியிடப்பட்டது. மீசோதீலியோமா நோயாளர் 83 பேரை ஆராய்ந்து, அவர்தம் வாழ்க்கை வரலாறுகளை அவர்கள் தேடிச் சேகரித்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் ஆலையிற் கால்வைத்திலர். அவர்தம் வீட்டிலுள்ளார் ஒருவரே ஆலைத்தொழிலாளராயிருந்தார். கணவன் வேலையிலிருந்து உடுத்து வந்த உடையைத் துவைத்த மனைவியருக்கு அத்துவைப்பே நோயைக் கொணர்ந்தது. வேறு பதினொருவர் ஆலையிலிருந்து அரைமைல் தூரத்துள் வாழ்ந்தவர் என்பதன்றி வேறு தொடர்பில்லாதவர். இவ்வாறு, 1898இல் நார் கோதும் அறையாக இருந்த அபாயத்தின் எல்லை, ஆலை, வீடு, அயல் என்று படிப்படியாக விரிந்தது. எல்லை விரிந்ததெல்லாம் தூசி புதிதாகப் பரவியதாலன்று. முன்னரே பரவிய தூசியைக் கல்வி பின்தொடர்ந்து சென்றதனாலாகும்.

அவ்விரிவின் அடுத்த படியை யப்பான் நாட்டிற் காணலாம். போரினால் அழிந்த நகரங்களை மீளக் கட்டியெழுப்பிய அந்நாடு கல்நாரைப் பெருந்தொகையாக இறக்குமதி செய்தது. உருக்குச் சட்டகக் கட்டடங்களைத் தீயிலிருந்து காப்பதற்காகக் கல்நாரைச் சீமெந்தோடு குழைத்து உருக்குத்தூண்களின்மீது விசிறிப் பூசினர். அப்பூச்சு 1975இல் தடைசெய்யப்பட்டது. ஆயின் பூசப்பட்டது அகற்றப்படவில்லை. சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழும் மறைந்து கிடந்தது. அந்நாட்டினருக்கும் இத்தீங்கு புதிதன்று. ஒசாக்கா மாகாணத்துச் சென்னன் பகுதியின் சிறு கல்நார் ஆலைகளில் 1937க்கும் 1940க்கும் இடையே நடாத்தப்பட்ட பரிசோதனையிலேயே தொழிலாளர் பலர் நோயுற்றிருத்தல் அறியப்பட்டிருந்தது. அவ்வாலைகளிற் காற்றகற்றும் பொறிகளைக் காலத்திற் கட்டாயமாக்காத தவறு அரசையே சாரும் என்று யப்பானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஒக்டோபரில்.

ஒசாக்காவை அடுத்துள்ளது ஹியோகோ மாகாணம். 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் அதிகாலை 5.46 மணிக்கு அம்மாகாணத்தின் கோபே நகரையும் அயலூர்களையும் பெருநிலநடுக்கம் தாக்கிற்று. 6,434 பேர் மாண்டனர். ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் முற்றாக இடிந்தன. இறந்தோரை எடுப்பதும், உயிர்தப்பியோருக்கு உணவும் உறையுளும் அளிப்பதும், பாதைகளைத் திறப்பதுமே அந்நாட்களின் கடமைகளாயிருந்தன. அவற்றின்பின் இடிபாடுகளை விரைந்து அகற்றும் வேலை தொடங்கிற்று. நிற்பதற்கியலாத கட்டடங்கள் பொறிகளால் உடைக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்த பூச்சு அப்பொழுது விழித்தது.

இயற்கை அழிவுக்கும் கல்நாருக்கும் உள்ள உறவு இவ்விடத்தில் விளக்கமாக நோக்கற்பாலது. சீமெந்தோடு கலந்து இறுகிய கல்நார்த் தகடு கூரையின்மேல் உடையாது கிடக்கும்வரை அதிலிருந்து நார் வெளியேறுதல் குறைவு. அறுத்தல், துளைத்தல், உடைத்தல், உரைத்தல், உலர்ந்த நிலையிற் கூட்டிப் பெருக்குதல் என்பனவே நாரை விடுவிக்கும் செயல்கள். தொழிற்சாலையில் இச்செயல்கள் ஓரிடத்தில், தெரிந்த தொழிலாளரால், தெரிந்த நேரத்தில் நிகழும். நிலநடுக்கமும் சூறாவளியும் கடற்கோளும் இவற்றை ஒரு நகரம் முழுவதிலும் ஒரே வேளையிற் செய்துவிடுகின்றன. எக்கட்டடத்தில் எப்பொருள் இருந்தது என்பதைக் காட்டும் ஏடும் பெரும்பாலும் அழிந்துவிடும். வேலை செய்வோர் பயிற்சி பெற்றவரல்லர்; வீட்டுக்குரியோரும், அயலாரும், தொண்டர்களும், நாட்கூலியாளரும் ஆவர். முகத்திற் கட்டும் துணி நாரைத் தடுக்காது. நனைக்க நீர் வேண்டும். ஆனால் குடிப்பதற்கே நீரில்லாத காலம் அது. ஆகவே, முப்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்து தொழிற்சாலைக்கென இயற்றப்பட்ட காவல்கள் யாவும் ஒரு காலையில் இல்லாதொழிகின்றன.

கோபேயின் அநுபவம் வீணாகவில்லை. கல்நார்ப் பூச்சுள்ள கட்டடங்களை இடிக்குமுன் அறிவித்தலும் தூசி பரவாது தடுத்தலும் வேண்டும் என்று யப்பானின் வளி மாசுத் தடைச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டது. எனினும் 1995இற் சுவாசித்தோருக்கு அத்திருத்தம் பயன்படவில்லை. அவ்விடிபாடுகளில் வேலை செய்து பின் மீசோதீலியோமாவுக்கு ஆளானோரின் நோய் 2008 தொடக்கம் தொழில் நோயென அதிகாரிகளால் ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகின்றது. அவர்களுட் சிலர் அவ்வேலையில் ஈடுபட்டது சிறிது காலமே. மெரிவெதரின் அட்டவணையில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தோரிடம் நோயில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வட்டவணை சுவாசப்பை தழும்பேறும் நோயைப் பற்றியது. அந்நோய் பெருந்தூசியை வேண்டுவது. மீசோதீலியோமாவோ குறுகிய காலத் தொடர்பினாலும் வரவல்லது. ஒரு நோய்க்குரிய அளவுகோலால் மற்றொரு நோயை அளந்தமையே பல்லாண்டுகள் மக்களை மயக்கிற்று.

அதே மாகாணத்தில் இவ்வரலாற்றின் மறுபாதியும் வெளிப்பட்டது. அமகசாக்கி நகரில் 1957 முதல் 1975 வரை நீலக்கல்நாரைக் கொண்டு சீமெந்துக் குழாய்கள் செய்த குபோத்தா நிறுவனம், தன் தொழிலாளருள் எழுபதுக்கு மேற்பட்டோர் கல்நார் நோய்களால் இறந்ததையும், ஆலையின் அயலில் வாழ்ந்தோருக்கும் மீசோதீலியோமா உண்டானதையும் 2005 யூன் மாதத்தில் வெளியிட்டது. யப்பான் முழுவதும் இச்செய்தியால் அதிர்ச்சியுற்றது. பின்னர் ஆராய்ந்த குருமத்தானி, குமகாய் ஆகியோர், ஆலையிலிருந்து 300 மீற்றருக்குள் வாழ்ந்த பெண்களிடையே அந்நோயால் நிகழ்ந்த இறப்பு நாட்டின் பொது அளவினும் ஏறக்குறைய நாற்பது மடங்கு என்று 2008இற் காட்டினர். காற்று வீசும் திசையில் அபாயம் மேலும் தொலைவு சென்றிருந்தது. 2006இல் யப்பானிய அரசு, தொழிலாளரல்லாத நோயாளருக்கும் உதவும் நிவாரணச் சட்டத்தை இயற்றியதோடு, சில விலக்குகள் தவிரக் கல்நாரையும் தடைசெய்தது. அவ்விலக்குகளும் 2012இல் நீங்கின.

இலங்கைக்கும் இவ்வரலாற்றோடு நேரான தொடர்பு உண்டு. கிடுகும் ஓடும் வேய்ந்த கூரைகளின் இடத்தை இந்நாட்டிற் பெரும்பாலும் கல்நார்ச் சீமெந்துத் தகடுகளே பிடித்துக்கொண்டன. மலிவும், பாரக்குறைவும், விரைவில் வேயக்கூடிய தன்மையும் அவற்றின் சிறப்புக்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகளில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றதோடு, வீடுகளையும் பாடசாலைகளையும் தகர்த்துச் சென்றது. கடற்கோள் தாக்கிய நாடுகளின் இடிபாடுகளிற் கல்நார் கலந்திருத்தலை ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2005இல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. துயரும் அவசரமும் நிறைந்த அந்நாட்களில் உடைந்த தகடு ஒன்றை அஞ்சத்தக்க பொருளாக எவர் கருதியிருப்பர்? கோபே நகரத்தார் பட்ட நிலையே கரையோர மக்களுக்கும் உண்டாயிற்று.

கல்நார் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவதற்கு இலங்கை அரசாங்கம் ஒரு காலத்தில் முடிவுசெய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதைக் காரணங்காட்டி உருசியா இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை இடைநிறுத்திற்று. இலங்கைக்குக் கல்நார் பெரும்பாலும் வருவது உருசியாவிலிருந்தே. இலங்கை தன் தடையை ஒத்திவைத்தது. தேயிலை வணிகமும் அம்மாத முடிவிலேயே மீண்டது. தேயிலையை நம்பி வாழும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஒருபுறம் நிற்க, முப்பது ஆண்டுகளின் பின் வரக்கூடிய நோய் மறுபுறம் நிற்குமாயின், அரசாங்கங்கள் முன்னையதை நோக்குதல் வியப்பன்று. இன்றைய இழப்பு கணக்கிற் காட்டத்தக்கது; நாளைய இழப்புக்குக் கணக்கில்லை. 1906இல் இலண்டன் குழு செய்த முடிவுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது.

வெண்கல்நாரைத் தக்க காவலோடு பயன்படுத்தலாம் என்று வாதிப்போர் உளர். சீமெந்திற் கட்டுண்ட நார் எளிதில் வெளியேறாது என்பது அவர் கூற்று. அஃது ஓரளவு உண்மையே. ஆயினும் வெண்மை உட்பட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பவை என்று உலகச் சுகாதார நிறுவனம் முடிவுசெய்துள்ளது. தொழில் வழியாகக் கல்நாரைச் சுவாசித்தமையால் ஆண்டுதோறும் உலகில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் அந்நிறுவனம் கூறுகின்றது. தக்க காவல் என்பது கூரை வேய்பவனும், பின்னர் அதில் துளையிடுபவனும், சூறாவளிக்குப்பின் அதனை அள்ளுபவனும் ஆகிய யாவரும் எக்காலமும் விழிப்பாயிருத்தலை வேண்டுவது. தொழிற்சாலைக்குள் நிறைவேற்றுவதற்கே ஒரு தலைமுறை சென்ற காவலை, வெள்ளத்துக்கும் புயலுக்கும் இடையில் ஒவ்வொரு குடியானவனிடமும் எதிர்பார்த்தல் வரலாற்றோடு பொருந்தாது.

இருந்த கூரைகள் யாவற்றையும் ஒரேநாளில் அகற்றுதல் இயலாது. அவசரமாக அகற்றுதலே தூசியை எழுப்பும். செய்யத்தக்கன சிலவே, அவை எளியனவும் ஆம். உடைந்த தகட்டை மேலும் உடையாது நீரால் நனைத்தே எடுத்தல் வேண்டும். அதனை அரத்தால் அராவுதலும், உலர்ந்தபடி கூட்டுதலும், நொறுக்கிப் பாதைக்குப் பரப்புதலும் தவிர்க்கற்பாலன. அள்ளிய துண்டுகளைத் தடித்த உறையிற் பொதிந்து, வேறு கழிவோடு கலவாது புதைத்தல் வேண்டும். நுண்டூசியை வடிக்கவல்ல முகக்கவசமே அணியத்தக்கது. அவ்வேலையில் உடுத்த உடையை வீட்டிற்குக் கொண்டுவந்து ஏனைய உடைகளோடு துவைத்தலாகாது என்பதை இலண்டன் மனைவியரின் வரலாறு கற்பிக்கின்றது. சிறுவரை இடிபாடுகளுக்கு அண்மையில் விளையாட விடலாகாது என்பதைத் தென்னாபிரிக்கச் சுரங்கத்து ஊர்கள் கற்பிக்கின்றன.

இவற்றோடு சேர்த்து எண்ணப்படவேண்டியது பதிவேடு. கோபேயில் இடிபாடு அகற்றியோருக்கு முப்பதாண்டுகள் இப்பொழுதுதான் கடந்துள்ளன. இலங்கைக் கரையில் 2004இல் அவ்வேலை செய்தோருக்கு அக்காலம் 2034இல் நிறையும். இக்கடற்கோளின் கணக்கு இன்னும் முடியவில்லை. அன்று தந்தையோடு சேர்ந்து உடைந்த தகடுகளைச் சுமந்த சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்தவன். பின்னொருகால் அவன் மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைக்குச் செல்வானாயின், அவன் எங்கு எப்பொழுது தூசியைச் சுவாசித்தான் என்று கேட்கும் வைத்தியரும், விடைபகரும் ஏடும் வேண்டும். ஓர் அழிவின்பின் எவ்வூரில், எக்கட்டடத்தில், யார் யார் இடிபாடு அகற்றினர் என்பதைக் கிராம அலுவலரும், பாடசாலைகளும், தொண்டு நிறுவனங்களும் எழுதிவைத்தல் பெருஞ்செலவு வேண்டாத பணி.

நார் கோதும் அறையிலிருந்த பதின்மருள் ஒன்பதின்மரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தால், இருபத்தைந்து ஆண்டுகள் முன்னதாகவே பிரித்தானியா விழித்திருக்கலாம். நெலி கேர்ஷோ என்னும் ஒரு பெயர் எழுதப்பட்டமையாலேயே ஏழு ஆண்டுகளிற் சட்டம் பிறந்தது. காணவியலாத தூசியையும், காலந்தாழ்த்து வரும் நோயையும் இணைக்கும் கயிறு எழுத்தே. அக்கயிற்றைப் பின்வரும் தலைமுறையின் கையிற் கொடுத்துச் செல்லுதல் இத்தலைமுறையின் கடனாகும்.